வெள்ளை ஈயும் இருநூறு புள்ளிகளும்

— திரையில புள்ளி புள்ளியா, கொசு மாதிரி மொய்க்குதே, இதெல்லாம் என்னம்மா ஜெனிலா?

— விஞ்ஞானிங்க, சங்கரலிங்கம் சார். கம்ப்யூட்டருக்குள்ள இருநூறு பேர விட்டிருக்கேன். டீ கேக்க மாட்டாவ, லீவு கேக்க மாட்டாவ.

— அது சரி. இங்க எட்டுப் பேர மேய்க்கவே என் தலை வழுக்கையாப் போச்சு. இவிய என்ன செய்யுதாவ?

— நம்ம வேலையத்தான் செய்யுதாவ. தென்னை வெள்ளை ஈக்கு மருந்து தேடுதாவ. வேப்பெண்ணெய் ஒரு வழி, ஈயைத் தின்னுற பூச்சி இன்னொரு வழி. சீக்கிரம் பேர் வாங்கலாம்னு அம்புட்டுப் பேரும் வேப்பெண்ணெய்ப் பக்கமே குவிஞ்சா, ஈதான் சார் ஜெயிக்குது. கொஞ்சப் பேர் பூச்சிப் பக்கம் பிரிஞ்சாப் போதும், மரம் தப்பிச்சிருது. நம்ம லேப்புக்கு ரெண்டு பேர் போதும்.

— சோழபுரத்துல நம்ம பிள்ளைய எண்ணெய் அடிக்கிற கண்ணுச்சாமி தோப்புல, ஈ விழுந்து மட்டையெல்லாம் கரியா நிக்குது. தப்பிச்சா சந்தோஷந்தான். ஆனா பூச்சிப் பக்கம் போனா பி.எச்டி. இழுத்துக்கிட்டுப் போகும்னு எவனும் பிரிய மாட்டானேம்மா.

— அதுக்குத்தான் ஒவ்வொருத்தரையாத் தனியாக் கூப்பிட்டு இதப் போட்டுக் காட்டுனேன். 'நீ ஒரு ஆளு பிரிஞ்சாக்கூட அந்தத் தோப்பு பொழைச்சுக்கும்'னேன்.

— அது சரி. காலையில ரிச்சர்ட் வந்தான். கண்ணெல்லாம் கலங்கியிருந்துச்சு. பூச்சிப் பக்கம் போறானாம்.

— பாத்தியளா சார்.

— செத்த நேரத்துல பாண்டிசெல்வி வந்தா. சுதந்திரப் போராட்டத்துக்குப் போறவ மாதிரி நின்னா.

— ரெண்டு பேரு. என் கணக்கு அச்சு பிசகல.

— பொறவு சோலைராஜ். பொறவு பெனின். பொறவு மிச்சப் பேரு. இப்ப பிளவக்கல் மலையடிவாரத்துல பூச்சி பிடிக்க நம்ம லேப்பே வலையும் கையுமா நிக்குது. ஒருத்தன் பிரிஞ்சது இன்னொருத்தனுக்குத் தெரியாது. ஆளுக்கொரு புதருக்குள்ள பதுங்கியிருக்கான்.

— அம்புட்டுப் பேருமா சார்?

— நல்லவேளை, நீயாச்சும் வேப்பெண்ணெய்ல இருக்க.

— நேத்தே பூச்சிக்கு மாறிட்டேன் சார். யாரும் போக மாட்டாவன்னு நெனச்சேன்.

— கண்ணுச்சாமி இப்பத்தான் போன் போட்டாரு. எண்ணெய் அடிக்க இன்னைக்கு ஒருத்தரும் வரலையாம். நாளைக்கும் அடிக்கலைன்னா தோப்பு போச்சுங்காரு. உன் புள்ளிக எப்பவாச்சும் இப்படி மொத்தமா ஒரே பக்கமாக் கவுந்துச்சா?

— ஒரு தடவகூட இல்ல சார். புள்ளிகளுக்கு நான் இதப் போட்டுக் காட்டலையே.