ஒரு தட்டுன்னா ஆமா

கடக்குன்னு தொறக்கும், டப்புன்னு மூடும். கடக்... டப்பு. கடக்... டப்பு. அதான் நைனா, நான் சொன்ன சத்தம். தண்டையார்பேட்டைல எங்க வூட்டுக்குப் பின்னாடி ஒரு கார்டு கம்பெனி இருந்துச்சு. கல்யாணப் பத்திரிகை, பொறந்தநாள் கார்டு எல்லாத்தையும் அட்டைலேர்ந்து வெட்டி எடுக்கற பஞ்சிங் மிஷினு. சின்ன வயசுல அத்த கேட்டுகினேதான் தூங்குவேன், அத்த கேட்டுகினேதான் எந்திரிப்பேன். எங்கம்மா வெங்காயம் அரியறது கூட அந்தத் தாளத்துக்குத்தான் வரும்.

இன்னா அப்படி மொறச்சுப் பாக்கறீங்க? நீங்களும் கார்டு கம்பெனி வச்சிருந்தவராமே, உங்க மருமவ எழிலு சொல்லுச்சு. அந்தச் சத்தம் உங்க காதுலயும் கீதா? நல்ல கையால பலகைல தட்டிச் சொல்லுங்க. ஒரு தட்டுன்னா ஆமா, ரெண்டு தட்டுன்னா இல்ல. ஆங், ஒரு தட்டு. கீதா? இருக்கட்டும், இருக்கட்டும்.

ஸ்ட்ரோக்குல வாயி போச்சு, வலது கை போச்சு, காது மட்டும் கடவுள் ஷோக்கா வுட்டு வச்சிருக்காரு பாருங்க. சரி, பலகைய கிட்ட இயுத்துக்கறேன். நேத்து செஞ்ச பொட்டி எங்க? பேத்தி ஸ்கூலுக்குத் தூக்கினு போயிடுச்சா? தாத்தா கையால செஞ்சதுன்னு காட்டவா? நல்லாதான் கீது. டாக்டரு பாத்தா சந்தோசப்படுவாரு. பேப்பர் வேல செய்ய வையுங்க, வெரலு திரும்பும்னு அவரு சொல்லித்தான எழிலு என்ன தேடிப் புடிச்சுது.

இன்னிக்கு நிக்கற கார்டு. தொறந்தா உள்ளேர்ந்து ஒரு வூடு எந்திரிச்சு நிக்கும். மொதல்ல ஜன்னல சாத்தறேன். கடல் காத்து பட்டா அட்டை அப்பளம் மாரி பதத்துப் பூடும், அப்பால எந்த மடிப்பும் நிக்காது. மணலிப் பக்கத்து ஃபேக்டரி நாத்தம் வேற இன்னிக்கு மூக்க அறுக்குது.

இந்த அட்டைய வளச்சுப் பாருங்க. இப்படி வளச்சா சொன்ன பேச்சு கேக்குது. திருப்பி வளச்சா முரண்டு பண்ணுது. இல்ல? பேப்பருக்கு உள்ள நாரு ஓடுது நைனா. கிரெயின்னு சொல்வாங்க. நாரு ஓடுற பக்கமா மடிச்சா மடிப்பு பட்டு மாரி வியும். குறுக்க மடிச்சா முதுகு வெடிச்சு உள்ள கீற வெள்ள நாரு பல்லு பல்லா தெரியும். எத்தினி ஷோக்கா டிசைன் போட்டாலும் அவ்ளோதான், கலீஜ். உங்களுக்கு நான் சொல்லணுமான்றீங்களா? நீங்க மொதலாளி ஆச்சே. மடிச்சவங்க வேற ஆளுங்க.

மடிக்கறதுக்கு மின்ன கிரீஸ் போடணும், மடிப்புக்கு ஒரு தடம். எயுதித் தீந்த ரீஃபில்லு போதும். மை இருக்கக் கூடாது, மொனை மட்டும் இருக்கணும். கோடு கியிக்கக் கூடாது, ஒரு பள்ளம் வியணும், அவ்ளோதான். இருங்க, அவசரப்படாதீங்க. மொதல்ல வலது முயங்கைய தூக்கி ஸ்கேலு மேல போடுங்க. வரலியா? நான் வக்கறேன். மரக்கட்டை மாரி கனக்குது. இனிமே இந்த முயங்கைதான் உங்களுக்கு அஞ்சு வெரலு. அது ஸ்கேல அயுத்திப் புடிக்கும், எடது கை கோடு இயுக்கும். ஆங். உடம்ப கொஞ்சம் சாச்சு, பாரத்த தோளுலேர்ந்து எறக்குங்க. ஸ்கேலு நகர்ந்துச்சா? நகரலையே! பாத்தீங்களா, இத்த எந்த புக்குலயும் போட்டிருக்க மாட்டான்.

இப்போ மடிங்க. கோடு மேல வந்து முதுகு மாரி நின்னா மேட்டு மடிப்பு. உள்ள போனா பள்ள மடிப்பு. வூட்டுக்குக் கூரை மேடு, சொவரு பள்ளம். வெளிநாட்டுல மடிப்ப அயுத்தறதுக்கு எலும்புலயே ஒரு பட்டை செஞ்சு விக்கறான், போன் ஃபோல்டர்னு பேரு. நமக்கு எதுக்கு எலும்பு? டீ கலக்கற ஸ்பூனு போதும். முதுகுப் பக்கமா வச்சு ஒரே இயுப்பு. நகத்தால தேக்காதீங்க, அட்டை பளபளன்னு ஆயிடும். வலது கைல அந்தக் கட்டவெரலு அசைஞ்சுதே இப்போ! நான் பாத்தேன். சொம்மா சொல்லல. இன்னும் கொஞ்ச நாளு வுடாம செஞ்சா, ஸ்பூன நீங்களே புடிச்சு சோறு துன்னுவீங்க.

கட்டர மட்டும் உங்க கைல தர மாட்டேன். டாக்டரு ஆர்டரு. நான் அறுக்கறேன், பாருங்க. கீய பச்ச கலர்ல மேட் போட்டுக்கணும், அத்த எவ்ளோ அறுத்தாலும் தானா மூடிக்கும். ஒரே வெட்டா வெட்டக் கூடாது நைனா. லேசா ஒரு கோடு. அதே கோட்டுல இன்னொரு தபா. அதே கோட்டுல இன்னொரு தபா. கோவம் காட்டாம, கை பதறாம. தான் அறுபடறது அந்த அட்டைக்கே தெரியாது. கடைசி இயுப்புல ரெண்டாப் பிரிஞ்சு நிக்கும்.

ஏன் கண்ண மூடிக்கறீங்க? பிளேடு பாத்தா பயமா?

எழிலு நல்ல பொண்ணு. வந்த புதுசுல எனக்கு டீ குடுத்துகினே உங்க கதையெல்லாம் சொல்லுச்சு. எங்க மாமா சும்மா இல்லக்கா, கம்பெனில ஒரு பொண்ணுக்கு மிஷின்ல கை மாட்டிகிச்சு, தப்பு அந்தப் பொண்ணு மேலதான், எவங்கூடயோ போன்ல பேசிகினே மிஷின் ஓட்டிருக்குது, இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு மாமாதான் செலவு பண்ணாருன்னு சொல்லுச்சு. உங்க பேத்தி போன நோண்டிகினு சோறு துன்னா போதும், அந்தக் கை போன பொண்ணு மாரி ஆயிடுவடீன்னு கத்துது. அந்தக் கொயந்தைக்கு பூச்சாண்டிக்குப் பதிலா அந்தப் பொண்ணு. நேத்து கூட என் கண்ணு முன்னாலயே சொல்லுச்சு. நான் சிரிச்சுகினு பசை தடவினு இருந்தேன்.

இப்போ இந்த ஓரத்த வுட்டுட்டு பசை தடவணும். ரொம்ப தடவக் கூடாது, அட்டை ஊறிச் சுருங்கும். தீக்குச்சி மொனைல தொட்டு, எறும்பு போற மாரி வரிசையா.

உங்களுக்கு ஒண்ணு தோணவே இல்லியா நைனா? வெரலு இல்லாத கைக்கு இவ்ளோ வித்தை எனக்கு எப்படித் தெரியும்னு? எனக்குத்தான் பத்து வெரலும் ஒயுங்கா கீதே. முயங்கையால ஸ்கேல புடிக்கறது, தோளுலேர்ந்து பாரம் எறக்கறது, பேப்பரு பறக்காம தாடையால அயுத்திக்கறது, ஸ்பூனு முதுகால மடிப்பு போடறது, இதெல்லாம் யாரு கண்டுபுடிச்சது? தட்டாதீங்க, இது ஆமா இல்லன்னு சொல்ற கேள்வி இல்ல.

கெங்கா. கெங்கம்மான்னு கம்பெனி அட்டெண்டன்ஸ்ல கூப்புடுவீங்க. செகப்பு தாவணி. உங்க பஞ்சிங் மிஷின்ல நின்னவ. அது எங்கக்கா.

என் பேரு செங்கொடின்னு சொன்னப்பகூட உங்களுக்கு ஒண்ணும் ஒறைக்கல பாருங்க. ஹார்பரு கூலி பொன்னுரங்கம் பொண்ணுங்க நாங்க. நீங்க எங்க எங்களப் பாத்தீங்க? அட்டை வந்துச்சா, கார்டு போச்சா, அத்த பாத்தீங்க.

இனிமே நீதான். நீங்கன்னு வாயில வர மாட்டேங்குது.

அந்த மிஷினுக்கு முன்னால ஒரு தடுப்புப் பட்டை இருக்கும். கை உள்ள இருக்கும்போது மிஷினு மூட வந்தா, கை அதுல பட்டு மிஷினு நின்னுடும். நின்னா மறுபடி ஓட்டணும், கார்டு கொறையும். வைகாசி முகூர்த்தம். ஊரே பத்திரிகை கேட்டுகினு நிக்குது. அந்தப் பட்டைய பைண்டிங் கம்பி போட்டு இயுத்துக் கட்டிட்டாங்க, நிக்காம ஓடட்டும்னு. கடக், அட்டைய உள்ள வை. கைய எடு, டப்பு. கடக், வெட்டுனத எடு, அடுத்தத வை. அக்கா அந்தத் தாளத்துல டான்ஸ் மாரி ஆடுவா. அன்னிக்கு நான் கொயாயடில கொடம் வச்சுகினு நிக்கறேன். கடக் கேட்டுச்சு. டப்பு கேக்கல. வேற ஒண்ணு கேட்டுச்சு.

கட்டவெரல் மட்டும் மிஞ்சுச்சு.

போலீஸ் வரதுக்குள்ள கம்பிய அறுத்துப் போட்டாச்சு. பட்டை பளிச்சுன்னு ஆடிகினு கீது. பொண்ணு போன்ல பேசிகினு இருந்துச்சுன்னு நீ சொன்ன. நாலு பேர சொல்ல வச்ச. அக்காவுக்கு ஹார்பர்ல கிரேனு ஓட்டற ஒரு மாப்ளை பேசி வச்சிருந்தாங்க. கை போனதுக்கு அந்தாளு ஒரு வார்த்தை சொல்லல, ஆஸ்பத்திரிக்கு வந்து பக்கத்துலயே குந்திகினு இருந்தாரு. உன் பேச்சு அவங்க வூட்டுக்குப் போச்சு. எவங்கூடப் பேசினு இருந்தான்னு அவங்கம்மா கேட்டாங்க. அதுக்கப்பால அவரு வரல.

வூட்டுக்கு வந்து மூலைல குந்தினு, ஒரு நாள் பழைய காலண்டர எடுத்து முயங்கைய அது மேல போட்டா. நான் புடிக்கறேன்க்கான்னேன். கைய தட்டி வுட்டா. அப்படித்தான் ஆரம்பிச்சா. ஒவ்வொரு மடிப்பையும் தானே கண்டுபுடிச்சா. அவளுக்கு வலிக்கும்போது நான் வெரலா இருந்தேன், அப்படி கத்துகினதுதான் எல்லாம். அதனாலதான் உன் கைக்கு எது எங்க வக்கணும்னு எனக்குத் தெரியுது. நீ இத்தினி நாளா செஞ்ச பொட்டி, பை, பூவு, எல்லாம் அவ கை. உன் பேத்தி ஸ்கூல்ல காட்டினு கீதே, அதுவும் அவ கைதான். இனிமே நீ எந்தப் பேப்பர தொட்டாலும் அவ முயங்கையாலதான் தொடணும். வேற வயி உனக்குக் கெடையாது.

இப்போ கேக்கறேன். ஒயுங்கா தட்டு.

எங்கக்கா கைல போன் இருந்துச்சா?

...

ரெண்டு தட்டு. இல்ல. எங்க தெருவுலயே போன் இருந்தது ரேஷன் கடைக்காரங்கிட்டதான்.

பட்டைய கம்பி போட்டுக் கட்டச் சொன்னது நீயா?

முனகாத. முனகறதுக்கு இங்க அர்த்தம் கெடையாது. தட்டணும். நான் இருக்கேன், எங்கயும் போவல. எனக்கு இன்னிக்கு வேற வூட்டுல கிளாசு இல்ல.

...

ஒரு தட்டு.

இன்னொண்ணு வருதான்னு பாக்கறேன். வரலை. ஒண்ணுதான்.

உள்ள வா எழிலு. எத்தினி நாழி வாசப்படிலயே நிப்ப? டீய மேஜை மேல வையி. நான்தான் இந்த நேரத்துக்கு டீ கேட்டேன், நினைப்பிருக்கா? கேட்டுட்ட இல்ல? உம் பொண்ணுக்கு அந்தப் போன் கதைய இனிமே சொல்லாத. சொல்றதுன்னா ஒயுங்கா சொல்லு.

அயுவாத டில்லிபாபு. உன் கார்டு மேலயே சொட்டுது. நனைஞ்ச அட்டைய எதனாலயும் நிமித்த முடியாது.

நாளைலேர்ந்து நான் வர மாட்டேன். ஆமா எழிலு, வர மாட்டேன். வெரலு திரும்பற நேரத்துல வுட்டா பழையபடி கட்டையா பூடும்னு டாக்டரு சொன்னாரு, தெரியும். தெரிஞ்சுதான் இவ்ளோ தூரம் கொண்டாந்தேன். ஒண்ணும் திரும்பாத ஆளுகிட்டேர்ந்து எத்த எடுக்கறது? வேற டீச்சரத் தேடிக்கோ. கெடைப்பாங்க. பத்து வெரலுக்குக் கத்துத் தரவங்க நெறைய பேரு கீறாங்க.

பை எங்க வச்சேன்? ஆங். கட்டரு, ஸ்கேலு, மேட்டு. ரீஃபில்ல நீயே வச்சுக்கோ.

இன்னா? ஏன் பலகைய அப்படிப் போட்டு தட்டற? ஒண்ணு, ரெண்டு, மூணு, இதுக்கெல்லாம் நாம அர்த்தம் வக்கலியே. வயி மறிக்காத எழிலு, அவரு இன்னா கேக்கறாரு? அக்காவா?

இப்போதான் கேக்கணும்னு தோணுச்சா?

எண்ணூர்ல ஒருத்தருக்கு ரெண்டாந்தாரமா குடுத்தோம். தலப்பிரசவத்துல செத்துட்டா.