கொடி ஏறிய செவ்வாய்க்கிழமை

மார்ச் 14, வியாழன்.

இன்று மாலை வகுப்பில் ஒரு சின்னத் தப்பு செய்தேன். பெரிய கணினியில் அட்டவணைப்படி ஓடும் ஒரு வேலையை எவையெல்லாம் கிளப்பிவிடும் என்று ஆசிரியர் எழுதச் சொன்னார். நேரம், முந்தைய வேலையின் முடிவு, ஒரு கோப்பின் வருகை என்று மூன்றை எழுதி நிறுத்திவிட்டேன். நான்காவது ஒன்று உண்டு.

"மனுஷன் கைதான்மா," என்றார். "எல்லாரும் இதைத்தான் விட்டுடுறீங்க."

மறந்துபோனேனா, எழுத மனம் வரவில்லையா என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். தெரியவில்லை. விளங்காத ஒன்றை முதலிலிருந்து எழுதிப் பார்ப்பது என் வழக்கம். களைப்பாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

எங்கள் அலுவலகத்தில், மாற்றுச் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்பவர்களின் பட்டியல் இருக்கிறது. மாதாமாதம் அவர்களுக்கு ஒரு அட்டை போகும். இன்னும் காத்திருப்பதாகக் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். வரும் அட்டைகளைப் பதிவு செய்வது என் வேலை. எல்லாம் பதிவானதும் ஆபரேட்டர் கணினியில் ஒரு காலிக் கோப்பை வைப்பார். அதற்குள் ஒரு எழுத்துகூட இருக்காது. நாங்கள் அதைக் கொடி என்போம். கொடி ஏறியது கண்ணில் பட்டதும் கணினி நீக்கல் வேலையைத் தொடங்கும். பதில் பதிவாகாதவர்களின் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும்.

மாதக் கடைசியில் ஓட வேண்டிய அந்த வேலை, போன மாதம் நடுவிலேயே, ஒரு செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஓடிவிட்டது. பாதி அட்டைகள் அப்போது பதிவாகாமல் தபால் மூட்டையில்தான் கிடந்தன. வெள்ளிக்கிழமைதான் கண்டுபிடித்துப் பழைய பட்டியலை மீட்டார்கள்.

"நீதான் எந்நேரமும் அதையே படிக்கிறியே. எது கிளப்பிவிட்டுச்சுன்னு பார்த்துச் சொல்லு," என்றார் மேலாளர்.

முறையாகத்தான் பார்த்தேன். நேரம் கிளப்பவில்லை, அட்டவணையில் கடைசித் தேதிதான் இருந்தது. வேறு வேலை எதுவும் இழுத்துவிடவில்லை. கொடி ஏறியிருந்தது. அதுவும் ஆபரேட்டரின் பெயரில் ஏறியிருந்தது.

ஆபரேட்டருக்குப் பூட்டு என்று பட்டப்பெயர். டீ குடிக்கப் போனாலும் சாப்பிடப் போனாலும் திரையைப் பூட்டாமலே போகிறவர் என்பதால் வைத்தது. நல்ல மனிதர். என்னை வாத்தியாரம்மா என்று கேலி செய்வார். அவரைத் தனியாக உட்கார வைத்துப் பேசினேன்.

"நானா வாத்தியாரம்மா? எனக்கு ஞாபகமே இல்லையே."

"அன்னைக்கு உங்களுக்கு ஜலதோஷம் சார். மாத்திரை போட்டிருந்தீங்க."

"ஆமா, போட்டேன்."

"அந்த மாத்திரை போட்டா மந்தமா இருக்குமே?"

"இருந்துச்சு. தூக்கத்துல நடக்கிற மாதிரிதான் இருந்துச்சு."

"சாப்பிடப் போறதுக்கு முன்னாடி எதையாவது தட்டினீங்களா?"

அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அவசரப்படுத்தவில்லை.

"தட்டியிருப்பேன்," என்றார் கடைசியில். "நான்தான் தட்டியிருக்கணும். வேற யாரு தட்டுவா? என் வீட்டுல கூட யாரும் என்னை இவ்வளவு பொறுமையா விசாரிச்சதில்லைம்மா."

அறிக்கையில் ஒரு பொய்கூட இல்லை. எந்தப் பெயரில், எந்தத் திரையிலிருந்து என்று மட்டும் எழுதினேன். அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். போகும்போது தன் நாற்காலி மெத்தையை எனக்குக் கொடுத்தார். "நாள் பூரா உட்கார்ற பிள்ளை, இடுப்புக்கு நல்லது," என்றார். அதன்மேல் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

அக்கா பக்கத்து அறையில் படுத்திருக்கிறாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவளை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகிறேன். படியில் ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொள்வாள். முன்பு கை கனமாக இருந்தது. இப்போது வைத்ததே தெரிவதில்லை. நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கேட்பது ஒன்றுதான்.

"போன் வந்துச்சாடி?"

அந்தச் செவ்வாய்க்குப் பிறகு, வியாழக்கிழமை, வந்தது. அக்காவின் ரத்த வகையில் ஒரு சிறுநீரகம் கிடைத்திருந்தது. அந்த வகைக்காரர்களில் அப்போது பட்டியலில் அவள் பெயர்தான் முதலில் இருந்தது. ஓடினோம். சோதித்துவிட்டுப் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்திருந்த யாரோ ஒருவருக்குப் போனது.

முறையாக அது ஒரு தையல்காரருக்குப் போயிருக்க வேண்டும். அதே ரத்த வகை. அக்காவுக்கு மேலே, முதலிடத்தில் இருந்தவர். பட்டியலை மீட்டபோது அவர் பெயர் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. அடுத்த வாரம் அவர் இதயம் நின்றுவிட்டது. அவர் மனைவி எங்கள் கவுண்டருக்கு வந்தார்.

"நானேதாம்மா தபால் பெட்டியில போட்டேன். உள்ள விழுந்துச்சான்னு பெட்டியைத் தட்டிக்கூடப் பார்த்தேனே."

"வந்திருக்கும்மா. இதோ இருக்கு," என்று அட்டையை எடுத்துக் காட்டினேன். கையெழுத்து அழகாக இருந்தது. தன்மேல் தவறில்லை என்று தெரிந்ததில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல்தான் என்று நினைக்கிறேன். அந்த மட்டில் நான் உதவியாகத்தான் இருந்தேன்.

அட்டையைத் தேட வேண்டியிருக்கவில்லை. திங்கட்கிழமையே அது என் கைக்கு வந்துவிட்டது. பெயரைப் படித்துவிட்டு மூட்டையின் அடியில் வைத்தேன். அக்காவுக்கு மேலே இருந்த இன்னொருவரின் அட்டை அதுவரை வந்திருக்கவில்லை. அக்காவின் அட்டையைப் பதிவு செய்தேன். மறுநாள் பூட்டு சாப்பிடப் போனதும் அவர் நாற்காலியில் உட்கார்ந்து கொடியை ஏற்றினேன். பிறகு கை கழுவிவிட்டு நானும் சாப்பிடப் போனேன்.

நான் யார் பெயரையும் அழிக்கவில்லை. அழித்தது அந்த வேலை. நான் வைத்த கோப்பில் ஒன்றுமே இல்லை. இந்த வாதம் சரியா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. ஆனால் ஒன்றில் சந்தேகமில்லை: அது ஒரு முறை நேர்ந்த தவறு, இனி நேராது. தையல்காரரும் இல்லாததால் அக்காவுக்கு மேலே இப்போது ஒருவர்தான் இருக்கிறார்.

நாளை: வந்த அட்டைகளை ரத்த வகைப்படி பிரித்து வைக்க வேண்டும். வகுப்புக்கு நான்காவது விடையைச் சேர்த்து எழுத வேண்டும். புது ஆபரேட்டர் சாப்பிடப் போகும்போது திரையைப் பூட்டுகிறாரா என்று பார்க்க வேண்டும்.