கூட்ட அறைக் கதவை நான் உடைத்தது பற்றி

என் பெயரும் வயதும் முகவரியும் மேலே எழுதப்பட்டுள்ளன. வயதில் ஒன்று கூட்டி எழுதியிருந்ததைத் திருத்தச் சொன்னேன், திருத்திவிட்டார்கள். மேற்படி முகவரியில் கணவர், மாமியார், மகளுடன் வசித்துக்கொண்டு, அரசுக் கட்டடங்கள் கட்டும் கோட்ட அலுவலகத்தில் அலுவலக உதவியாளராக வேலை பார்த்து வருகிறேன்.

ஊருக்கெல்லாம் கழிப்பறை கட்டிக் கொடுக்கும் எங்கள் அலுவலகத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. நானும் டைப்பிஸ்ட் பெண்ணும் மற்றவர்களும் பக்கத்துத் தையல்காரர் வீட்டுக்குத்தான் போய் வருகிறோம். தையல்காரர் மனைவி ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் எங்களுக்குக் கூச்சமாக இருக்கும். அதனால் பாதிப் பேர் வேலை நேரத்தில் தண்ணீரே குடிப்பதில்லை. தலைமை எழுத்தரிடம் கேட்டால் நிதி இல்லை என்பார். ஆனால் வருடக் கடைசியில் தவறாமல் கதவுகளுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். "அது பெயிண்டுக்குன்னே வர்ற பணம்மா. செலவு பண்ணலேன்னா அடுத்த வருஷம் வெட்டிடுவாங்க" என்பார். பழையதைச் சுரண்டாமல் மேலே மேலே அடித்ததில் எல்லாக் கதவுகளும் சதை போட்டுவிட்டன.

சம்பவத்தன்று, அரசு செலவழிப்பது உருப்படியாகப் பயன்படுகிறதா என்று பார்க்க ஓர் ஆய்வு அதிகாரி அம்மா வந்திருந்தார். அவர் வருகிறார் என்பதற்காகவே காலையில் கூட்ட அறைக் கதவுக்கு இன்னொரு பூச்சு அடித்திருந்தார்கள். நான் உள்ளே தேநீர் கொடுத்துவிட்டு வந்தேன். அதன் பிறகு, உள்ளே அவருடன் இருந்த எங்கள் பொறியாளர் ஐயா, ஏசி காற்று வீணாகிறது என்று கதவை ஓங்கிச் சாத்தினார். அதன் பிறகு அது திறக்கவே இல்லை. உள்ளேயிருந்து இழுத்தார்கள், நாங்கள் வெளியிலிருந்து தள்ளினோம், கைப்பிடிதான் கழன்று வந்தது.

உடைக்கலாம் என்று சொன்னேன். அரசுச் சொத்தை உடைக்கப் பொறியாளரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும் என்றார் தலைமை எழுத்தர். பொறியாளரோ உள்ளே இருந்தார். அவர் கையெழுத்துக்காக அனுமதித் தாளைக் கதவுக்கு அடியில் தள்ளப் பார்த்தார்கள், அங்கேயும் பெயிண்ட் அடைத்திருந்தது. எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, அதிகாரி அம்மா கதவருகே வந்து, "வெளிய லேடீஸ் யாராவது இருக்கீங்களா? எனக்கு ரொம்ப அவசரம்மா" என்றார். அந்தக் குரல் எனக்குப் புரிந்தது. நாங்கள் தினமும் படும் பாடு அது. அதன் பிறகு நான் யாரையும் கேட்கவில்லை. ஸ்டோரிலிருந்து கடப்பாரையை எடுத்து வந்து, "எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்று கத்திவிட்டு நெம்பினேன். கதவு பிளந்தது.

அதிகாரி அம்மா "எங்கேம்மா?" என்று மட்டும் கேட்டார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு தையல்காரர் வீட்டுக்கு ஓடினேன். அங்கே டைப்பிஸ்ட் பெண் உள்ளே இருந்ததால் அவரும் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. "தினமும் இப்படித்தானா?" என்று கேட்டார். "ஆமாம்மா, இன்னிக்குக் கூட்டம் கம்மிதான்" என்றேன். அந்த நிலையிலும் சிரித்துவிட்டார்.

திரும்பி வந்ததும் கதவுத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்தார். உடைந்த ஓரத்தில் பச்சை, நீலம், மஞ்சள், வெள்ளை என்று பெயிண்ட் அடுக்கடுக்காகத் தெரிந்தது. பொறியாளர் ஐயா தலையைச் சொறிந்தார். அதிகாரி அம்மா, பெயிண்ட் பணத்தில் முதலில் கழிப்பறையைக் கட்டும்படியும், அடுத்த வருடப் பணத்தை வெட்டாமல் பார்த்துக்கொள்வது தன் பொறுப்பு என்றும் அங்கேயே சொன்னார். நாங்கள் கைதட்டினோம், தலைமை எழுத்தரும் தட்டினார். ஆனால் அதற்குள் அவர், அரசுச் சொத்தை உடைத்ததற்கு விதிப்படி காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டார். அவர் மீது எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை.

இன்று காலை மேஸ்திரி வந்து கழிப்பறைக்காகத் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டார். டைப்பிஸ்ட் பெண் கோட்டுக்குள் போய் நின்று, இல்லாத கதவைச் சாத்தி, இல்லாத தாழ்ப்பாளைப் போட்டுக் காட்டினாள். எனக்குச் சந்தோஷத்தில் கண்ணீரே வந்துவிட்டது.

கதவை உடைத்தது நான்தான். இன்னொரு முறை அப்படி நேர்ந்தாலும் உடைப்பேன். அதை எழுத வேண்டாம் என்று இதை எழுதும் பெண் காவலர் சொன்னார், நான்தான் எழுதச் சொன்னேன். இந்தக் காவல் நிலையத்திலும் பெண்களுக்குத் தனியாகக் கழிப்பறை இல்லை என்று அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு மெல்லச் சொன்னார். அதையும் எழுதச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, கொட்டை எழுத்தில் எழுதினார்.

மேலே உள்ளதெல்லாம் என் வாயால் நான் சொன்னது. படித்துக் காட்டக் கேட்டேன், நடந்தது நடந்தபடியே இருக்கிறது.

(ஒப்பம்)
அலுவலக உதவியாளர்

என் முன்னிலையில் சொல்லப்பட்டது, இந்தக் காவல் நிலையத்தைப் பற்றிய வரி உட்பட அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)
பெண் காவலர்