குப்பியில் வந்த தைரியம்

காலை ஏழு மணிக்குக் கோட்டை மணி அடித்தது. பழவேற்காட்டுக்குப் போகும் தோணியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் மடியிலிருந்து ஒரு குப்பியை எடுத்தார்.

“இந்தா கன்னியப்பா, தைரியம் கொண்டாந்துக்கிறேன்.”

பக்கத்தில் இருந்த கன்னியப்பன் அதைத் தொடவில்லை. வெடிமருந்துக் கிடங்குச் சுவரோரம் நெருப்பு மூட்டி நண்டு சுட்டதற்காகக் கோட்டையிலிருக்கும் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள், அவருடைய படகைப் பிடித்து வைத்திருந்தார்கள். அதைத் திருப்பிக் கேட்கத்தான் இருவரும் போகிறார்கள் என்று பேச்சில் தெரிந்தது.

“இது இன்னா?”

“ஒல்லாந்துச் சாராயம். சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி அவங்க சிப்பாய்ங்க இத்தத்தான் குடிப்பாங்க. அதான் இங்கிலீஷ்காரன், குடிச்சா வர்ற வீரத்துக்கு ‘ஒல்லாந்துத் தைரியம்’னு பேரு வச்சிக்கிறான். சென்னப்பட்டணத்துல கேட்டுக்னு வந்தேன்.”

“அப்போ கோட்டைல இருக்கிற துரையும் குடிச்சிருப்பான்ல?”

“குடிச்சிருப்பான்.”

“ரெண்டு பேருக்கும் தைரியம் வந்துட்டா யாரு மச்சான் பயப்படறது?”

மச்சான் குப்பியின் தக்கையைக் கழற்றினார். “நண்டு துன்ன வாயிதானே, கேக்கறதுக்கு மட்டும் வரலியா? இரு, மொதல்ல நல்ல சரக்கான்னு பாக்கறேன்” என்று ஒரு வாய் குடித்தார். துறை வருவதற்குள் முழுவதையும் பார்த்துவிட்டார்.

கரை இறங்கியதும் கன்னியப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார். மச்சான் நேராகக் கோட்டை வாசலுக்குப் போய்க் காவலாளியின் முன் நெஞ்சை நிமிர்த்தினார்.

“நண்டு சுட்டது நான்தான். இப்ப இன்னான்ற?”

உச்சிவேளைக்குள் படகை விட்டுவிட்டார்கள். மச்சானைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.