கொட்டாம்பாறைக்கு ஒரு மேட்ச்

அருள்மொழி: ...மைதானம் சரிவா இருக்கேம்மா.

இருசம்மாள்: எங்க சார்?

அருள்மொழி: இந்தக் கோல்ல நின்னா அந்தக் கோல் தெரியல.

இருசம்மாள்: பாதி ஆட்டத்துல பக்கம் மாத்திக்குவாங்களாமே... ரெண்டு டீமுக்கும் சரியாப் போவும்ல?

பழனி: அத்தை ஒரு வாரமா ரூலப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கினு கீது சார்.

இருசம்மாள்: நீ போயி ஜீப்பப் பாரு.

அருள்மொழி: பந்து வெளிய உருண்டா?

பழனி: மலைக்குக் கீழ கரியாலூர்ல போயி எடுத்தாந்துடுவேன் சார்.

அருள்மொழி: இது ஆசியப் பள்ளிக்கூடப் பொண்ணுங்க ஃபுட்பால் போட்டிம்மா. ஆறு நாட்டு டீம் வருது. எடம் பாக்குற கமிட்டியில கொட்டாம்பாறைனு மனு வந்ததும் மேப்புல தேடுனோம்.

இருசம்மாள்: கெடைச்சிதா?

அருள்மொழி: வெள்ளிமலை வரைக்கும் கெடைச்சிது.

இருசம்மாள்: அதுக்கு மேலதான் நாங்க. வார்டு மெம்பரு நான்தான். மனு குடுத்ததும் நான்தான்.

அருள்மொழி: டீமெல்லாம் எங்க தங்கும்? ஸ்டார் ஓட்டல் கேப்பாங்க.

பழனி: ஸ்டாரு நெறைய தெரியும் சார். மழ இல்லன்னா.

அருள்மொழி: ஊர்ல ஃபுட்பால் பாப்பாங்களா?

இருசம்மாள்: உசுரு சார்.

அருள்மொழி: எந்த டீம்?

இருசம்மாள்: ...எல்லா டீமும்.

பழனி: அத்தைக்கு பாரபட்சம் கெடையாது.

அருள்மொழி: ஒரு டீமுல எத்தன பேரு ஆடுவாங்க?

இருசம்மாள்: வர்றவங்கள யாரு சார் எண்ணுவா... ஆமா, மைதானத்துல ஆம்புலன்ஸ் நிக்கணும்னு ரூல்ல கீதே, மெய்தானா?

அருள்மொழி: கட்டாயம். டாக்டரோட.

இருசம்மாள்: ராத்திரிக்கும்?

அருள்மொழி: டீம் தங்கியிருக்குற வரைக்கும். ஏன்?

இருசம்மாள்: சும்மா... பொண்ணுங்க வுழுந்து கிழுந்துட்டா?

அருள்மொழி: அம்மா... நான் ஒண்ணு சொல்லணும்.

இருசம்மாள்: சொல்லுங்க.

அருள்மொழி: மேட்ச் நடக்குற ஊரெல்லாம் போன மாசமே முடிவாயிடுச்சு. பெரிய ஸ்டேடியம், பக்கத்துல ஏர்போர்ட், விளம்பரம் குடுக்குற கம்பெனி... அத வச்சித்தான். மத்த எடத்தையும் பாத்தோம்னு காட்ட என்ன அனுப்பிட்டாங்க.

பழனி: ஏறும்போதே சொல்லியிருந்தா வளைவுல அவ்ளோ மெதுவா வந்திருக்க மாட்டேன் சார்.

இருசம்மாள்: சும்மா இருடா... பரவால்ல சார். எங்களுக்கும் மேட்ச் வேணாம்.

அருள்மொழி: என்னது?

இருசம்மாள்: அந்த ஆம்புலன்ஸ் வண்டி இங்க வந்து நின்னாப் போதும். கூப்புட்டா கீழேர்ந்து அது ஏறி வர்றதுக்குள்ள... வுடுங்க சார்.

பழனி: கெளம்பலாமா சார்?

அருள்மொழி: இருங்க. மேட்சுக்கு முன்னாடி டீமெல்லாம் பயிற்சி முகாம்ல இருக்கணும். குளுகுளுன்னு ஒரு எடம் வேணும்னு இன்னும் தேடுறோம். அதுக்கும் ஆம்புலன்ஸ் உண்டு. இந்த எடத்தச் சமம் பண்ண முடியுமாம்மா?

இருசம்மாள்: ஊரே மம்மட்டியோட வந்து நிக்கும் சார்.

அருள்மொழி: அப்ப கொட்டாம்பாறைனே எழுதிடுறேன். இந்த முடிவு என் கையிலதான். ஐப்பசி பூரா முகாம்... என்ன பழனி, அந்தப் பக்கம் திரும்பிட்டீங்க?

பழனி: தூசு சார்.

இருசம்மாள்: சொல்லுடா. இனிமே மறைச்சி இன்னா?

பழனி: ஐப்பசியிலதான் சார் என் சம்சாரத்துக்கு பிரசவம். மொதப் பிரசவத்துக்கு நான்தான் இந்த ஜீப்புல ஏத்திக்கினு எறங்குனேன்... கீழ போயிச் சேந்தப்ப அவ மட்டும்தான் உசுரோட இருந்தா.