ஷிஃப்ட் முடிஞ்சதும் திறக்கறேன்

இரவு ஒன்பதரை. நாலு வண்டி சேர்ந்து போகிற அகலமான ரோடு. அதில் ஒரு நாய்கூட இல்லை. விளக்குகள் மட்டும் யாருக்காகவோ எரிந்துகொண்டிருந்தன... ஒரே ஒரு ஸ்கூட்டர். கால் வைக்கிற இடத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டர், போர்வையில் சுற்றி. ஓட்டுகிறவர் கழுத்தில் ஹெட்போன். முகத்தில் மாஸ்க்.

நோய் வந்த வருஷம் அது. ஆபீசை மூடி, எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த ஆள் நம் அறை டிரைவருடைய அக்கா புருஷன். டிரைவருக்கு இன்றைக்கு நைட் டியூட்டி. அவன் கட்டில் காலி. அதனால்தான் சொல்கிறேன். இருந்தால் சொல்ல விடமாட்டான். இந்த அறைக் கதவைத் தாழ் போட்டால் ஏன் சண்டைக்கு வருகிறான் என்று கேட்டீர்களே... கிட்ட வந்து உட்காருங்கள். சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை இது.

அவருக்கு வேலை போனில். ஃப்ரிட்ஜ் கம்பெனி. ரிப்பேர் என்று கூப்பிடுகிறவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும்.

"அப்போ பேய் ஐஸ்கட்டி கேட்டுச்சாக்கும்" என்றார் நம் சமையல்காரர்.

சிரித்துக்கொள்ளுங்கள். இப்போதே.

வீடு சின்னது. ஒரு ஹால், ஒரு அறை. ஹாலில் அவர், கம்ப்யூட்டரோடு. ரெண்டே வாரத்தில் அக்காவுக்குக் காய்ச்சல். அறையில் படுத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் இடமில்லை, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வீடு முழுக்கத் தைல வாசனை. அவர் சாப்பாட்டுத் தட்டை அறை வாசலில் வைப்பார். அவள் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசுவாள். இதெல்லாம் முடிந்த பிறகு வீட்டில் ஒரு கதவைக்கூடச் சாத்தக் கூடாது, எல்லாவற்றையும் திறந்து போட்டுக்கொண்டு தூங்க வேண்டும் என்பாள். அதுதான் அவளுடைய பெரிய ஆசை.

கம்பெனியில் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பேச்சும் ரெக்கார்ட் ஆகும். பின்னால் குழந்தை அழுதால், குக்கர் விசில் அடித்தால், மார்க் போச்சு. ஒரு ராத்திரி ஜுர வேகத்தில் அவள் எழுந்து ஹாலுக்கு வந்து, தண்ணீர் என்று கேட்டுவிட்டாள். அது ரெக்கார்டில் விழுந்துவிட்டது. இன்னொரு தடவை சத்தம் கேட்டால் வேலையை விட்டே அனுப்பிவிடுவோம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

மறுநாள் அவர் வேலைக்கு உட்காரும்முன் அறைக் கதவை வெளியே தாழ் போட்டார்.

"ஷிஃப்ட் முடிஞ்சதும் திறக்கறேன். அதுவரைக்கும் சத்தம் போடாத."

அவள் சரிங்க என்றாள். அவ்வளவுதான்.

அன்றைக்கு ஒரு கிழவி கூப்பிட்டாள். ஃப்ரிட்ஜில் ஐஸ் மலை மாதிரி ஏறிவிட்டதாம். இவர் பிளக்கைப் பிடுங்குங்கள், அடியில் துணி போடுங்கள் என்று சொல்லிக்கொண்டே வருகிறார்... பின்னால் கதவில், டொக்... டொக்...

"தம்பி, யாரோ கதவத் தட்றாங்களே?"

"பக்கத்து வீட்டுல வேலை நடக்குது மேடம்."

"இந்த நேரத்துலயா?"

"என்ன பண்றது மேடம், அவங்களுக்கும் பொழப்பு."

டொக் டொக் வேகமாக வந்தது. அப்புறம் நகத்தால் பிறாண்டுகிற சத்தம். அப்புறம்... ஒன்றுமில்லை. இவர் ஐஸ் கரைகிற வரைக்கும் பேசினார். குட்நைட் சொன்னார். அடுத்த போனை எடுத்தார்.

ஷிஃப்ட் முடிந்து தாழை நீக்கினார். உள்பக்கம் திறக்கிற கதவு. தள்ளினால் நகரவில்லை. அவள்தான் அடைத்துக்கொண்டு கிடந்தாள்.

நோயில் போய்விட்டாள் என்று எல்லோருக்கும் சொன்னார். அந்த வருஷம் யார் கேள்வி கேட்டார்கள்?

வேலை நிலைத்தது. நிலைத்தது மட்டுமா! அந்தக் கிழவியோடு பேசியதற்கு முழு மார்க். பின்னால் அவ்வளவு இரைச்சலிலும் குரல் ஆடவில்லையாம். நோய் ஓய்ந்து ஆபீஸ் திறந்தார்கள். சுவரில் 'புதிய இயல்புக்கு வருக' என்று பெரிய எழுத்து. இவரைப் புதுப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்க வைத்தார்கள். பாடம் எது தெரியுமா? அதே ரெக்கார்டிங்.

முதலில் வந்த பிள்ளைகள் தட்டுகிற சத்தம் கேட்கிறது என்றார்கள். அது இருப்பதுதானே. அடுத்து வந்தவர்களில் ஒரு பெண், யாரோ தாழை நீக்குகிறார்களே சார் என்றாள். இவர் திரும்பப் போட்டுக் கேட்டார். அவருக்கு அவர் குரல் மட்டும்தான் கேட்டது. அதற்கடுத்து வந்தவர்கள், வெறுங்கால் நடந்து கிட்ட வருகிறது என்றார்கள். கடைசியாக ஒரு பையன் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டான்.

"சார், உங்க காதுகிட்ட ஒரு லேடி பேசறாங்களே. என்னங்க, ஷிஃப்ட் முடிஞ்சுதான்னு?"

அன்றைக்குச் சாயங்காலம்தான் அவர் நம் டிரைவருக்குப் போன் பண்ணினார். அத்தனையும் சொன்னார். தாழ் போட்டதிலிருந்து.

"மாப்ள, ராத்திரி ஆபீஸ்ல தங்கி அந்த ரெக்கார்டிங்க அழிச்சுட்டு வந்துடறேன். அதோட முடிஞ்சிடும். வெளிய தெரிஞ்சா வேலை போயிடும் மாப்ள."

டிரைவர் போனை வைத்துவிட்டான்.

காலையில் கூட்டுகிற அம்மா பார்த்தாள். வகுப்பறைக் கதவுக்கு உள்ளே, கண்ணாடியில் சாய்ந்து கிடந்தார். காதில் ஹெட்போன். உள்ளங்கை ரெண்டும் வீங்கி, நகமெல்லாம் பெயர்ந்து... கண்ணாடி முழுக்கக் கை அச்சு, மேலிருந்து கீழே வரைக்கும். கதவோ, விரலால் இழுத்தால் திறக்கிற கதவு. அதில் தாழ்ப்பாளே கிடையாது. உள்ளே தைல வாசனை அடித்தது என்றாள். மாரடைப்பு என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து அவர் சாமான்களை வாங்கிக்கொள்ள டிரைவர் அந்த ஆபீசுக்குப் போனான். ஒரு டிபன் பாக்ஸ், ஒரு குடை. வாங்கிக்கொண்டு திரும்பும்போது அந்த வகுப்பறை. கண்ணாடியைத் துடைத்திருந்தார்கள். உள்ளே புது வாத்தியார், புதுப் பிள்ளைகள். ரெக்கார்டிங் ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்தது.

அதே கிழவி. யாரோ கதவத் தட்றாங்களே என்கிறாள்.

பின்னால் தட்டுகிற சத்தம். டொக் டொக் இல்லை... தொம், தொம் என்று. ஆம்பிளைக் கை.

பதில் சொன்னது ஒரு பெண். டிரைவர் பிறந்ததிலிருந்து கேட்ட குரல்.

"பக்கத்து வீட்டுல வேலை நடக்குது மேடம்."

வாத்தியார் அங்கே நிறுத்தினார்.

"கவனிச்சீங்களா? குரல்ல துளி பதட்டம் இல்ல. இப்படித்தான் பேசணும்."

பிள்ளைகள் தலையாட்டினார்கள். ஸ்பீக்கரை நிறுத்திய பிறகும் தொம், தொம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அங்கே ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.