பின் கதவின் பொறுப்பாளர்

கூட்டங்களுக்கு நாற்காலி எடுத்துப் போடுவது எனக்குப் பிடித்த வேலை. வரிசை கோணாமல், முட்டி இடிக்காமல், வயதானவர்களுக்கு மின்விசிறியின் கீழே இடம் வைத்துப் போடுவேன். அப்படிப் போட்டுக்கொண்டிருந்தவனைத்தான் எங்கள் தெருச் சங்கத்தார் ஒருநாள் பிடித்து உட்காரவைத்து, இனி நீங்கதான் கௌரவச் செயலாளர் என்றார்கள். சம்பளம் கிடையாது. வீட்டில் சொன்னபோது, கௌரவத்தைக் கரைத்துக் குடிக்கலாமா என்று மனைவி கேட்டாள்.

நீங்கள் குறுக்கே பேசாமல் கேட்கிறீர்கள், ஐயா. அதனால் ஒழுங்காகவே சொல்லிவிடுகிறேன்.

சங்கத்தின் கூடம் மாடியில் இருந்தது. முன்பக்கம் மரப்படி. பின்பக்கம் ஒரு கதவு. அதைத் திறந்தால் சந்துக்கு இறங்கும் இரும்புப்படி. அந்தப் படி துருவேறி, கால் வைத்தால் ஆடும். எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

என் மனைவியின் தம்பி வக்கீல். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டே அந்தப் படியைப் பற்றிச் சொன்னேன். அவன் கையை உதறிவிட்டு நிமிர்ந்தான்.

"அத்தான், யாராவது விழுந்து செத்தா சங்கம் உள்ள போகாது. சங்கத்துக்குக் கையும் காலும் கிடையாது. நீங்கதான் போகணும்."

"நான் ஓசியில செய்யறேன்டா."

"ஓசியில செஞ்சா ஓசியில விட்டுடுவாங்களா? கைதட்டினப்போ எழுந்து நின்னது நீங்கதானே. பேரைக் கூப்பிட்டாலும் நீங்கதான் எழுந்து நிக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தெருவில் யாராவது வேகமாக நடந்து வந்தால், என்னைத் தேடித்தான் வருகிறார்கள் என்று எழுந்து உள்ளே போய்விடுவேன். கடவுளிடம் கேட்டேன், யாரும் விழக்கூடாது என்று. கொஞ்சம் தெளிவு கிடைத்தது. போய்ப் பின் கதவைப் பூட்டினேன்.

படியைப் பழுது பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பழுது பார்க்கச் சொன்னால், அது கெட்டுப்போயிருந்தது எனக்குத் தெரியும் என்றாகிவிடும். தெரியாதவனைச் சட்டம் கொஞ்சம் விட்டுப்பிடிக்கும் என்று நம்பினேன்.

பூட்டியதையும் மச்சினனிடம் பெருமையாகத்தான் சொன்னேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். ஆட்கள் கூடுகிற இடத்தில் வெளியேறும் வழியை அடைப்பது படியைவிடப் பெரிய வம்பு என்றான். திறந்தால் ஒரு வழக்கு, பூட்டினால் இன்னொரு வழக்கு. அன்று எனக்குப் புரிந்தது, கதவில் தவறில்லை, நான் அந்தப் பதவியில் இருப்பதுதான் தவறு என்று.

கூடத்தில் ஒரு தையல் டீச்சர் இருந்தார். கணவனை இழந்தவர். ஒரே மகள். தெருப் பெண்களுக்குச் சும்மாவே தையல் சொல்லிக்கொடுப்பார். யார் எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்லி நான் பார்த்ததில்லை. அடுத்த கூட்டத்தில் எனக்கு மூச்சு வாங்குகிறது என்று சொல்லி, அவர் பெயரை நானே முன்மொழிந்தேன். மூச்சு வாங்குவது பொய்யில்லை. பயத்தில் வாங்கியது.

எங்கள் சங்கத்தில் பதவி மாறும்போது எல்லோர் முன்னிலையிலும் சாவிக்கொத்தைக் கொடுப்பது வழக்கம். கொடுத்ததும் கைதட்டுவார்கள். எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று போட்டுப் பார்க்கிற வழக்கம் மட்டும் கிடையாது. அது நம்பிக்கைக் குறைவு என்று நினைப்பார்கள். பின் கதவுச் சாவியைக் கொத்திலிருந்து முன்பே கழற்றியிருந்தேன். புதியவர் கதவைத் திறந்து, யாராவது விழுந்தால், படி எப்போதிலிருந்து இப்படி என்று விசாரணை என் காலத்துக்கு வந்துவிடும் அல்லவா?

டீச்சர் ஒருநாள் அந்தச் சாவியைத் தயங்கிக் கேட்டார். தேடித் தருகிறேன் என்றேன். இன்னொரு நாளும் கேட்டார். பிறகு கேட்கவில்லை. சங்கத்தார் சிலர் அந்தச் சாவி எங்கே என்று அவரை விசாரித்தபோது நானும் அங்கே இருந்தேன். அவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"என்கிட்டதான் இருந்துச்சு. எங்கேயோ கைமறதியா வச்சுட்டேன். திட்டாதீங்க, தேடி எடுத்துடறேன்."

என்னை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்க வேண்டாம் என்று அப்படிச் சொன்னார். இப்படிப்பட்டவர்களால்தான் உலகம் ஓடுகிறது என்று அன்று நினைத்துக்கொண்டேன். நிம்மதியாகத் தூங்கினேன்.

தீப்பிடித்த அன்று நான் எதிர்க் கடையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். மரப்படியின் கீழே அடைத்து வைத்திருந்த துணிக்கழிவில் பிடித்தது. டீச்சர் தன் மாணவிகளை ஒவ்வொருவராகக் கைபிடித்துக் கீழே அனுப்பினார். யாராவது உள்ளே தங்கிவிட்டார்களா என்று கழிப்பறையைப் பார்க்கத் திரும்பிப் போனார். அதற்குள் மரப்படி எரியத் தொடங்கிவிட்டது.

நான் சந்துப் பக்கம் ஓடினேன். திறக்கத்தான் ஓடினேன், அதை நீங்கள் நம்ப வேண்டும். சாவி என் சட்டைப்பையில்தான் எப்போதும் இருக்கும். வீட்டில் வைத்தால் யார் கண்ணிலாவது படும். இரும்புப்படியில் ஏறி, சாவியைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போது உள்ளேயிருந்து கதவைத் தட்டினார்.

திறந்தால் அவர் வெளியே வருவார். வந்ததும் எல்லோரும் கேட்பார்கள், தொலைந்துபோன சாவி உங்களிடம் எப்படி வந்தது என்று. ஒன்றிலிருந்து ஒன்றாக எல்லாம் அவிழும். தீயணைப்பு வண்டியின் சத்தம் தூரத்தில் கேட்டது. அவர்கள் உடைத்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். படியில் என் கால் சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"யாருங்க அது? பழைய செயலாளர் அண்ணன் வீட்டுல சாவி இருக்கும். போய் வாங்கிட்டு வர்றீங்களா? அவரை ஓடி வரச் சொல்லாதீங்க. அவருக்கு மூச்சு வாங்கும்."

நான் பதில் சொல்லவில்லை. என் குரல் அவருக்குத் தெரியும். தட்டுவது நிற்கிற வரையில் அங்கேயே நின்றேன். வண்டி முன்பக்கம்தான் வந்தது.

விசாரணையில், பொறுப்பாளரான டீச்சரே சாவியைத் தொலைத்துவிட்டார் என்று முடிவானது. அவரே சொன்னதாகச் சாட்சிகள் சொன்னார்கள். இறந்தவர்மேல் வழக்கு நிற்காது என்றான் மச்சினன். அத்தோடு எல்லாம் முடிந்திருக்கும். நேற்று அவருடைய மகள் என் வீட்டுக்கு வந்தாள். பள்ளி முடித்த பெண். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, "அம்மாவோட கவனக்குறைவால உங்க எல்லாருக்கும் கெட்ட பேரு. மனசுல வச்சுக்காதீங்க மாமா" என்றாள். போகும்போது, படி வழுக்குகிறது என்று என் கையைப் பிடித்து உள்ளே திருப்பிவிட்டுப் போனாள்.

பிடித்த கையின் சூடு இன்னும் போகவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. ஜெயிலைவிட.

அதனால் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. டீச்சர் சாவியைத் தொலைக்கவில்லை. பூட்டியது நான். சாவியை மறைத்தது நான். அவர் தட்டியபோது வெளியே நின்றவன் நான். எதையும் குறைக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்று நான் எந்தப் பதவியிலும் இல்லை. சந்தில் போன ஒரு வழிப்போக்கன், அவ்வளவுதான். வழிப்போக்கன் கதவைத் திறந்தே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லையாம். வருவதற்கு முன்னால் விசாரித்துவிட்டுத்தான் வந்தேன்.